எந்திரத்திற்கு உரிமம் உண்டு, தொழிலாளிக்கு?

2023 செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. மும்பையை அடுத்த தாணே நகரின் பால்கும் பகுதியில், நாற்பது மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் நீர்க்கசிவுத் தடுப்பு வேலையை முடித்துவிட்டுத் தொழிலாளர்கள் இறங்கிக்கொண்டிருந்தனர். அவர்களைச் சுமந்துவந்த லிஃப்ட் அறுந்து விழுந்தது. ஏழு பேர் மாண்டனர். ஐந்தே நாட்களில், செப்டம்பர் 15 அன்று, டெல்லியை ஒட்டிய கிரேட்டர் நொய்டாவில் கட்டுமானத்தில் இருந்த அடுக்ககம் ஒன்றில் அதே கொடுமை நிகழ்ந்தது. நான்கு பேர் அன்றே இறந்தனர். படுகாயமுற்றவர்களில் மேலும் சிலர் அடுத்தடுத்த நாட்களில் மருத்துவமனையில் உயிர்விட்டனர். இவற்றுக்கு ஓராண்டு முன்பு, 2022 செப்டம்பர் 14 அன்று, அகமதாபாதில் குஜராத் பல்கலைக்கழகத்தின் அருகே எழுந்துகொண்டிருந்த கட்டடத்தில், மின்தூக்கிக்காக விடப்பட்டிருந்த குழிக்குள் அமைத்த தற்காலிகத் தளம் சரிந்து ஏழு பேர் மடிந்தனர். பஞ்சமகால் மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த கூலித் தொழிலாளர்கள் அவர்கள்.

இத்தகைய சாவுகளுக்குப் பிறகு நடப்பவை நாடறிந்தவை. முதலமைச்சர் இரங்கல் தெரிவிப்பார். இழப்பீட்டுத் தொகை அறிவிக்கப்படும். விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்படும். கட்டட வளாகத்தின் மேற்பார்வையாளர் ஒருவர் மீது வழக்குப் பதிவாகும். நாளேடுகள் 'வடம் அறுந்தது', 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதி அடுத்த செய்திக்குப் போய்விடும். அந்த எந்திரத்தைப் பூட்டியவர் யார், அவருக்கு யார் தொழில் கற்றுக்கொடுத்தார்கள், அவர் தேர்ந்தவர் என்று எந்த அதிகார அமைப்பு சான்றளித்தது என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. எழுந்தாலும் அதற்குப் பதில் சொல்லும் பதிவேடு எதுவும் பெரும்பாலான மாநிலங்களில் கிடையாது.

மின்தூக்கிகளுக்கென இந்திய ஒன்றியம் முழுமைக்குமான சட்டம் ஒன்று இல்லை. அது மாநிலங்களின் பொறுப்பு. 1939ஆம் ஆண்டின் பம்பாய் மின்தூக்கிச் சட்டம் இத்துறையின் மூத்த சட்டம்; டெல்லிக்கும் அதுவே நீட்டிக்கப்பட்டது. மேற்கு வங்கம் 1955இல் தனிச்சட்டம் இயற்றியது. கர்நாடகம், தமிழ்நாடு, குஜராத், அரியானா, கேரளம் எனப் பிற மாநிலங்கள் பின்னர் ஒவ்வொன்றாக வந்தன. மகாராஷ்டிரம் தன் பழைய சட்டத்தை மாற்றி 2017இல் புதியது கொண்டுவந்தது. நாட்டின் மிகப் பெரிய மாநிலமான உத்தரப் பிரதேசத்தில், நொய்டாவில் அடுக்ககங்கள் காடுபோல் வளர்ந்த பின்னும், இப்படி ஒரு சட்டமே இல்லை. அங்கு குடியிருப்போர் சங்கங்கள் பல ஆண்டுகள் குரல் எழுப்பி, 2023இன் சாவுகள் நாட்டை உலுக்கிய பிறகே, 2024 பிப்ரவரியில் சட்டமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது.

அச்சட்டம் வந்தது நல்லதே. மின்தூக்கியைப் பதிவு செய்ய வேண்டும், பராமரிப்பு ஒப்பந்தம் கட்டாயம், மின்சாரம் நின்றால் அருகிலுள்ள தளத்தில் கூண்டைக் கொண்டுவந்து கதவைத் திறக்கும் மீட்புக் கருவி வேண்டும், பொது இடங்களில் காப்பீடு வேண்டும், விபத்தை உடனே தெரிவிக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. இவையெல்லாம் கூண்டுக்குள் நிற்பவரின் பாதுகாப்புக்கானவை. கூண்டின் மேலே நின்று வேலை செய்பவர் இந்தச் சட்டங்களின் பார்வைக்கு அநேகமாகத் தென்படுவதே இல்லை.

மாநிலச் சட்டங்களின் பொதுவான கட்டமைப்பு இதுதான்: மின்தூக்கி அமைக்க ஓர் அனுமதி, இயக்க ஓர் உரிமம். இரண்டும் கட்டடத்தின் உரிமையாளர் பெயரில். நிறுவும் வேலையும் பராமரிப்பும் அரசிடம் பதிவு பெற்ற நிறுவனத்தின் பெயரில். அந்த நிறுவனம் யாரை அனுப்புகிறது என்பது நிறுவனத்தின் விருப்பம். பல மாநில விதிகளில் 'அதிகாரம் அளிக்கப்பட்ட நபர்' என்ற சொல் புழங்குகிறது. ஊன்றிப் படித்தால் அச்சொல்லின் சூட்சுமம் விளங்கும். அது 'பயின்றவர்' என்றோ 'தேர்ச்சி பெற்றவர்' என்றோ சொல்லவில்லை. அதிகாரம் அளிப்பது யார்? அவரை வேலைக்கு அனுப்பும் முதலாளியே.

இதை வீட்டு மின்கம்பி வேலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் முரண் வெளிச்சமாகும். 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45ஆம் விதியும், பின்னர் அதனிடத்தில் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளும் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன. விளக்கையோ விசிறியையோ மாற்றுவது போன்ற சில்லறை வேலை நீங்கலாக, மின்னமைப்பு வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே எடுக்க வேண்டும். தகுதிச் சான்று உடைய மேற்பார்வையாளரின் நேரடிக் கண்காணிப்பில் அது நடக்க வேண்டும். கையால் செய்பவரும் அரசு வழங்கிய அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும். ஒப்பந்ததாரர், மேற்பார்வையாளர், வயர்மேன் ஆகிய மூவருக்கும் தனித்தனிச் சான்று. நடைமுறையில் இது எவ்வளவு மீறப்படுகிறது என்பது வேறு கதை. ஆனால் கொள்கை அளவில், தொழிலாளியின் தேர்ச்சி அவருக்கே சொந்தம் என்றும், அதை அரசு சான்றளிக்க வேண்டும் என்றும் இந்த நாட்டுச் சட்டம் எழுபது ஆண்டுகளாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு வீட்டில் சுவிட்சுப் பலகை அமைப்பவருக்கு வேண்டியிருக்கும் அட்டை, முப்பது மாடி உயரத்தில் பல டன் எடையைத் தொங்கவிடுபவருக்கு வேண்டாமாம். மின்தூக்கியின் மின்னிணைப்புக்கும் மேற்சொன்ன விதி பொருந்தும் என்று வாதிடலாம். வடம், பிரேக், தண்டவாளம், பாதுகாப்புக் கவ்வி ஆகியவற்றுக்கு அது எப்படிப் பொருந்தும்?

இந்த வேலை என்ன என்பதை அறியாமல் உரிமத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. கட்டடத்தின் நடுவே கிணறு போல ஒரு செங்குத்துக் குழி விட்டிருப்பார்கள். தொழிலாளர் பேச்சில் அது 'ஷாஃப்ட்' அல்லது 'டக்ட்'. ஒவ்வொரு தளத்திலும் கதவு வர வேண்டிய இடம் வாய் பிளந்து கிடக்கும். அதனுள் சாரம் கட்டி, உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, கைடு ரெயில் எனப்படும் வழித்தண்டவாளங்களை அடி முதல் முடி வரை பிசகின்றி நிறுத்த வேண்டும். தண்டவாளம் கோணினால் கூண்டு உதறும். ஆபத்து வேளையில் பிடிக்க வேண்டிய கவ்வியும் சரியாகப் பிடிக்காது. பின்னர் எதிர் எடை. கூண்டின் எடையோடு அது சுமக்க வேண்டிய முழுச் சுமையில் ஏறத்தாழப் பாதியையும் சேர்த்து எதிர் எடை அமைக்கப்படுகிறது. ஆகவே ஆளில்லாத கூண்டின் பிரேக் விட்டுப்போனால் அது கீழே விழாது, மேல்நோக்கிப் பாயும். கூண்டின் கூரைமேல் நின்று பழுதுபார்ப்பவர் உச்சித் தளத்தோடு நசுங்குவது இவ்வாறுதான். இதைச் சொல்லிக்கொடுக்காமல் ஓர் இளைஞனை அந்தக் கூரைமேல் ஏற்றுவது குற்றம்.

'வடம் அறுந்தது' என்ற செய்தித்தாள் விளக்கத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். மின்தூக்கியின் கூண்டு பொதுவாக ஒரே வடத்தில் தொங்குவதில்லை. பல வடங்கள் சேர்ந்தே அதைத் தாங்குகின்றன. எல்லாம் அறுந்தாலும்கூட, வேகம் வரம்பு மீறியதும் கவர்னர் என்னும் கருவி இயங்கி, கூண்டின் அடியிலுள்ள கவ்விகள் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். எலிஷா ஓடிஸ் நியூயார்க் பொருட்காட்சியில் மக்கள் கண்முன் வடத்தை அறுக்கச் செய்து, தன் கூண்டு விழாமல் நிற்பதைக் காட்டியது 1854இல். நூற்று எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் வடம் அறுந்ததால் தொழிலாளர்கள் செத்தார்கள் என்று ஓர் அதிகாரி அறிக்கை விடுவாரானால், அவர் காரணத்தைச் சொல்லவில்லை, மறைக்கிறார். வடம் அறுந்த பின் பிடிக்க வேண்டிய கருவி ஏன் பிடிக்கவில்லை? அதைப் பொருத்தியவர், சரிசெய்தவர், சோதித்தவர் யார்? கேள்வி மீண்டும் அதே இடத்தில் வந்து நிற்கிறது.

பழுதுபார்க்கும் வேலையின் ஆபத்து இன்னொரு வகை. எல்லாத் தளத்துக் கதவுகளின் பூட்டுகளும் ஒரே தொடர் மின்சுற்றில் இணைந்திருக்கும். ஒரு கதவு சரியாக மூடாவிட்டாலும் மின்தூக்கி நகராது. எந்தக் கதவில் பழுது என்று கண்டறிய விரைவான வழி, ஒரு துண்டுக் கம்பியால் அந்தச் சுற்றை இணைத்துப் பார்ப்பது. தேர்ந்தவர் அதை ஆய்வு நிலையில், மெதுவான ஓட்டத்தில் மட்டுமே செய்வார். முடிந்ததும் கம்பியை எடுத்துவிட்டாரா என்று இருமுறை பார்ப்பார். பயிற்சியற்றவர், அல்லது அடுத்த புகார் அடுத்த தெருவில் காத்திருக்கப் பதற்றத்தில் இருப்பவர், அதை மறந்து கிளம்பிவிடலாம். அதன்பின் கதவு திறந்திருக்கும்போதே கூண்டு நகரும். கூண்டு இல்லாத தளத்தில் கதவு திறந்துகொள்ளும். கூண்டு இருக்கிறதென்று நம்பிக் கால் வைப்பவர் குழிக்குள் விழுவார். ஒரு விரல் நீளக் கம்பிதான்.

இப்பயிற்சிக்கு நாட்டில் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. ஐ.டி.ஐ.களில் 'லிஃப்ட் மற்றும் எஸ்கலேட்டர் மெக்கானிக்' என்ற ஈராண்டுப் பாடப்பிரிவு அங்கீகரிக்கப்பட்டுள்ளது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் மின்தூக்கிகளுக்கான விரிவான தரநிலைகளை வகுத்திருக்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இதற்கெனத் தனிப்பகுதியே உண்டு. பாடம் இருக்கிறது, தரநிலை இருக்கிறது. ஆனால் அந்தப் பாடம் படித்தவரைத்தான் வேலைக்கு வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாத இடத்தில் மூலதனம் மலிவான கையைத் தேடிப் போகும்.

புதிய மின்தூக்கிகள் நிறுவப்படுவதில் சீனாவுக்கு அடுத்த பெரிய சந்தை இந்தியா என்று இத்துறை நிறுவனங்களே பெருமையுடன் கூறிக்கொள்கின்றன. உலகளவில் ஒரு சில பன்னாட்டு நிறுவனங்களின் பிடியிலுள்ள தொழில் இது. அந்தப் பிடியின் தன்மை என்ன என்பதற்கு ஐரோப்பிய ஆணையமே சாட்சி. மின்தூக்கி நிறுவுவதிலும் பராமரிப்பதிலும் ஒப்பந்தங்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு விலையை ஏற்றிவைத்ததற்காக ஓடிஸ், கோனே, ஷிண்ட்லர், தைசென்குருப் ஆகிய நிறுவனக் குழுமங்களுக்கு 2007 பிப்ரவரியில் அது 99.2 கோடி யூரோ அபராதம் விதித்தது. அவற்றுள் ஒன்றின் அபராதத்தை நீதிமன்றம் பின்னர் குறைத்தது என்றாலும், கூட்டுச் சதி நடந்தது என்ற முடிவு மாறவில்லை. எந்திரத்தை விற்பது ஒருமுறை வரவு. பராமரிப்பு ஒப்பந்தமோ ஆண்டுதோறும் பால் கறக்கும் பசு. அந்தப் பசுவுக்குத் தீனி போடுவது யார் என்று பார்த்தால், நிறுவனத்தின் கீழ் ஓர் ஒப்பந்ததாரர், அவரின் கீழ் ஒரு துணை ஒப்பந்ததாரர், அவரின் கீழ் வேலைக்கு இவ்வளவு என்று பேசி எடுக்கும் ஒரு கூட்டம். நிறுவனத்தின் முத்திரை பொறித்த சட்டையை அணிந்திருப்பவரின் பெயர் அந்நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் தலையில் எத்தனை மின்தூக்கிகள் என்பதற்கும் சட்டத்தில் உச்சவரம்பு இல்லை.

இந்நிலையில்தான் ஒன்றிய பா.ஜ.க. அரசு 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டதாக அறிவித்தது. தொழிற்சாலைகளில் உள்ள மின்தூக்கியை ஆறு மாதங்களுக்கு ஒருமுறையாவது தகுதி வாய்ந்த நபர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 28ஆம் பிரிவு கூறியது. கட்டுமான இடங்களில் உள்ள தூக்குப் பொறிகளுக்கு 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டமும் அதன் விதிகளும் இருந்தன. தாணேயிலும் நொய்டாவிலும் விழுந்தவை போன்ற கட்டுமானகால மின்தூக்கிகள் மாநில மின்தூக்கிச் சட்டங்களைவிட இந்தச் சட்டத்தின் எல்லைக்குள்தான் பெரிதும் வந்தன. இவ்விரு சட்டங்களும் இப்போது தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டுள்ளன. ஒப்பந்தத் தொழிலாளர் தொடர்பான விதிகள் பொருந்த இருபது பேர் போதும் என்றிருந்தது ஐம்பதாக உயர்த்தப்பட்டிருக்கிறது. நான்கும் ஐந்துமாகப் பிரிந்து வேலை செய்யும் மின்தூக்கிக் குழுக்களைப் பணிக்கமர்த்தும் சிறு துணை ஒப்பந்ததாரர் எவரும் இனி அந்த வரம்பைத் தொடப் போவதில்லை. ஆய்வாளரும் இனி வெறும் ஆய்வாளர் அல்லர். 'ஆய்வாளரும் வசதி செய்து தருபவரும்' என்பது அவருக்குத் தரப்பட்டுள்ள புதிய பட்டம். யாருக்கு வசதி என்பதைச் சட்டம் சொல்லாவிட்டாலும் விளங்குகிறது.

தொழிலாளிக்குத் தனிநபர் உரிமம் என்ற கோரிக்கை எழும்போதெல்லாம் இரு தரப்பிலிருந்து மறுப்பு வரும். 'மீண்டும் லைசென்ஸ் ராஜ்யமா?' என்பது முதலாளிகளின் குரல். இதற்கு நெடிய மறுமொழி வேண்டியதில்லை. மூலதனத்தின் நடமாட்டத்துக்கு வேலி கட்டுவது ஒன்று. ஆபத்தான எந்திரத்தில் தேர்ச்சியற்றவரைத் தள்ளிவிடாதே என்பது மற்றொன்று. பேருந்து ஓட்டுநருக்கு உரிமம் கேட்பதை எவரும் லைசென்ஸ் ராஜ்யம் என்று பழிப்பதில்லை.

இரண்டாவது மறுப்பு தொழிலாளர்களிடமிருந்தே வருவது, அது கவனத்துக்குரியது. இருபது ஆண்டுகள் இவ்வேலையைச் செய்து, எந்தப் பொறியாளருக்கும் குறையாத கைத்திறன் பெற்ற ஒருவரிடம் பத்தாம் வகுப்புச் சான்று இல்லாமல் இருக்கலாம். உரிமம் வந்தால் அவர் தெருவில் நிற்பாரா? இந்த அச்சம் வீணானதன்று. அமெரிக்காவில் மின்தூக்கி நிறுவுவோரின் சங்கம் 1901இல் பிட்ஸ்பர்க் நகரில் உருவானது. பல ஆண்டுத் தொழிற்பயிற்சி, கூட்டுப்பேர ஊதியம், பல மாநிலங்களில் தனிநபர் உரிமம் எனப் போராடிப் பெற்ற உரிமைகளால் அங்கு இத்தொழில் நல்ல ஊதியம் தரும் கைத்தொழில்களுள் ஒன்றாக உயர்ந்தது. ஆனால் அதே நாட்டில் கட்டுமானக் கைத்தொழில்களின் வாசல் கறுப்பினத் தொழிலாளர்களுக்கு நெடுங்காலம் அடைத்தே கிடந்தது. 1969இல் கூட்டரசு பிலடெல்பியா திட்டம் என்ற பெயரில், அரசு ஒப்பந்த வேலைகளில் கறுப்பினத்தவரைச் சேர்ப்பதற்கு இலக்கு விதித்தபோது, அதில் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்ட தொழில்களுள் மின்தூக்கி நிறுவுதலும் ஒன்று. தேர்ச்சியைக் காக்கும் சுவர், ஆட்களைத் தடுக்கும் சுவராகவும் ஆகக்கூடும். சாதியால் கூறுபட்ட இந்தியாவில், பள்ளிச் சான்று என்ற ஒற்றை அளவுகோல் யாரை வெளியே நிறுத்தும் என்பது சொல்லாமலே விளங்கும்: தலித்துகளை, பழங்குடியினரை, பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வருவோரை.

எனவே உரிமம் வேண்டும் என்பதோடு கோரிக்கை நிற்க முடியாது. எத்தகைய உரிமம் என்பதே போராட்டத்தின் களம். ஏற்கெனவே வேலையில் இருப்போருக்கு நீண்ட இடைக்காலம் தரப்பட வேண்டும். அவர்களின் தேர்வு எழுத்துத் தாளில் அல்லாமல் கூண்டின் மேலும் குழியின் அடியிலும் செயல்முறையாக, அவரவர் மொழியில் நடத்தப்பட வேண்டும். பயிற்சி நாட்களுக்கு முழுக்கூலி கிடைக்க வேண்டும்; செலவு நிறுவனத்தினுடையது. 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்ற பெயரில் சில மணி நேர அறிமுக வகுப்பு நடத்தி, சான்றிதழோடு புகைப்படம் எடுத்து அனுப்பும் ஒன்றிய அரசின் திறன் மேம்பாட்டுக் கூத்து இதற்கு மாற்றாகாது. தொழில் பழகுநர் எவரும் தனியாகப் பழுதுபார்க்க அனுப்பப்படக் கூடாது; பழகுநர் சட்டத்தின்படி அவர் தொழிலாளியே அல்லர் என்பது முதலாளிக்கு எவ்வளவு இனிப்பான ஏற்பாடு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. உரிமம் தொழிலாளியின் பெயரில் இருந்தால் பழியும் அவர் பெயரில்தான் விழும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் விளையும் மரணத்துக்கு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் அது ஈராண்டாக இருந்தது. விபத்து நடந்ததும் அட்டை வைத்திருப்பவரைக் கைது செய்து கணக்கை முடித்துவிடுவது காவல்துறைக்கு மிக எளிது. ஆகவே தனிநபர் உரிமத்தோடு பிரிக்க முடியாத மூன்று ஏற்பாடுகள் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். ஒருவரிடம் ஒப்படைக்கக்கூடிய மின்தூக்கிகளுக்கு உச்சவரம்பு. பாதுகாப்பில்லை என்று கருதும் மின்தூக்கியை நிறுத்திப் பூட்டவும், தனியாளாகக் குழியில் இறங்க மறுக்கவும் தொழிலாளிக்கு உள்ள அதிகாரம், அதற்காக வேலையை இழக்காத காப்பு. எத்தனை துணை ஒப்பந்ததாரர்கள் இடையில் இருந்தாலும், எந்திரத்தின் மேல் எந்த நிறுவனத்தின் பெயர் பொறித்திருக்கிறதோ அதன் மீதே முதன்மைப் பொறுப்பு.

தொழிற்சங்க இயக்கமும் தன் பங்கை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெரிய நிறுவனங்களின் தொழிற்சாலைக்குள் இருப்போரைத் திரட்டுவது எளிது. இரு சக்கர வாகனத்தில் கருவிப் பையோடு நகரெங்கும் சிதறி அலையும் இவர்களைத் திரட்டுவது கடினம். கடினம் என்பதாலேயே இதுவரை பெரும்பாலும் செய்யப்படவில்லை. கட்டுமானத் தொழிலாளர் சங்கம் இவர்களை எந்திரத் தொழிலாளர் என்றும், பொறியியல் தொழிலாளர் சங்கம் கட்டுமானத் தொழிலாளர் என்றும் கருதிக் கைவிட்டுவிட்ட இடங்களும் உண்டு. பெருநகரங்களில் முதலில் ஒரு கணக்கெடுப்பிலிருந்து தொடங்கலாம்: யார் யார் இவ்வேலையில் இருக்கிறார்கள், எந்த நிறுவனத்தின் சட்டையில், யாரிடம் கூலி வாங்குகிறார்கள், கையோ காலோ இழந்தவர்கள் எத்தனை பேர்.

மாநில அரசுகள் இதற்காக ஒன்றிய அரசின் வாயைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை. மின்தூக்கிச் சட்டம் மாநிலத்தினுடையது. விதி வகுக்கும் அதிகாரமும் மாநிலத்தினுடையதே. வயர்மேனுக்கும் மேற்பார்வையாளருக்கும் தேர்வு நடத்திச் சான்று வழங்கும் மின் உரிம வாரியங்கள் மாநிலங்களில் ஏற்கெனவே இயங்கிவருகின்றன. அந்த வாரியங்களில் மின்தூக்கித் தொழிலாளர் பிரதிநிதிகளைச் சேர்த்து, அட்டையில் இன்னொரு பிரிவைத் திறக்க ஓர் அரசாணை போதும்.